பக்கீரின் பேணியும் கடற்காகங்களும்

1

இந்தக் கதை பறவை எச்சத்தில் தொடங்கியது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. காட்டுப் பறவைகளின் குடற்கிருமிகளிடம் மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் உண்டு என்று வாசித்தேன். ஒரு மருந்துக் குளிசைகூட விழுங்காத பறவைக்கு அது எங்கிருந்து வந்தது? கேள்வி என்னை விடவில்லை.

முதலில் எழுதிய வரி: ‘திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் கடற்காகங்கள் வெண்...’

வேண்டாம். அது 2007, போர்க்காலம். வானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் வேறு எதற்கோ பயந்து பார்த்தார்கள்.

2

ஜெமீலா திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தாள். கடற்காக எச்சத்திலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த வில்லைகளை வைப்பாள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமியில்லாத வட்டம் விழும். ஊரெல்லாம் விழுங்கும் குளிசைக்கு வட்டமே விழவில்லை. ஊர்ச் சாக்கடை கலக்கும் கரையில்தான் அந்தப் பறவைகள் மீன்குடல் தின்றன.

(எச்சம் பொறுக்கியவளைச் சோதனைச் சாவடியில் மறித்த காட்சியை அழித்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வந்திராது.)

3

கிண்ணியாவில் அவளுடைய வாப்பா பக்கீர் மீன்பிடிப்பவர். காலில் திருக்கை முள் ஏறிவிட்டது.

“டொக்டர் தந்த குளிசைய முடிச்சீங்களா, வாப்பா?”

“நோவு குறைஞ்சிட்டு மகள். மிச்சத்தத் தகரப் பேணிக்குள்ள வெச்சிரிக்கன். நாளைக்கு றோட்டப் பூட்டினா பக்கத்து ஊட்டு ஸெய்னுதீன்ட புள்ளைக்கு என்னத்தக் குடுக்கிற?”

இவரை விவரம் அறியாத மனிதராகக் காட்டத்தான் நினைத்தேன். மனம் வரவில்லை. மருந்து வராத நாளில் அந்தப் பேணிதான் தெருவுக்கே ஆஸ்பத்திரி. அரைகுறையாய் விழுங்கியதில் தப்பிய கிருமிகளும் அவரைப் போலத்தான்; மருந்தை எதிர்க்கும் வித்தையை அயலுக்குக் கொடுத்துவிடும்.

4

கால் மறுபடி வீங்கியது. எந்தக் குளிசையும் கேட்கவில்லை; மிஞ்சியிருந்தது ஓர் ஊசிமருந்து. அதுவும் கேட்காவிட்டால் காலை எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். ஜெமீலா சீழைத் தட்டில் பரப்பி, ஊசிமருந்தின் வில்லையை வைத்து, கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டிக்குள் மூடினாள்.

5

முடிவு ஒன்று: வட்டம் விழுந்திருந்தது. (என் ஆசை இதுதான்.)

முடிவு இரண்டு: அவள் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில்...

இல்லை, இதை என்னால் எழுத ஏலாது.

மறுநாள் காலை. ஆய்வுகூட வாசல் கதிரையில் வீங்கிய காலை நீட்டியபடி பக்கீர். சூட்டுப்பெட்டியின் கதவில் ஜெமீலாவின் கை.

“மகள், அந்த ஊசி எனக்குக் கேக்காட்டி, கேக்கிற ஆருக்காவது குடுக்கச் சொல்லுங்க. வீணாக்கப்படாது.”

அவள் கை நகரவில்லை. நீங்கள்தான் திறக்க வேண்டும். திறக்கும்போது உங்கள் முகம் மாறாமல் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். வாப்பா தட்டைப் பார்க்கமாட்டார், உங்களைத்தான் பார்ப்பார்.