இறக்கைக்குள் எழுதிய எண்

ராட்கா செத்து எட்டு மாதம் ஆகியும் அவளுடைய கைப்பேசியை லூபோமிர் தினமும் சார்ஜ் போட்டு வைத்தான். அதில் யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும்தான் தெரியுமே. ஜனவரியில் சாலை உறைந்து கிடந்தது, லாரி சறுக்கியது, பஸ்ஸுக்காக ஓரமாய் நின்ற இருபத்திரண்டு வயதுப் பெண் போய்விட்டாள். பெற்ற மகளை அடக்கம் செய்த அன்று லூபோமிர் அழவில்லை. பரிமாறிய சூப்பை இரண்டு தட்டு குடித்தான். அதில் உப்பு இருந்ததா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

"மாசக் கடைசியோட அந்த லைனை நிறுத்திடலாம் லூபோ," என்றாள் அவன் மனைவி இவானா. "இனிமே யாரு அவளைக் கூப்பிடப் போறா?"

"சரி."

"எதைச் சொன்னாலும் சரிங்கறே. சுவத்துகிட்ட பேசினாக்கூட எதிரொலியாவது வரும்."

அதற்கும் சரி என்றான். பாவம், இவானா என்னதான் செய்வாள்? உருளைக்கிழங்கை உரித்தாள்.

மேசைமேல் ராட்கா செய்த மாதிரி விமானம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பெட்டியிலிருந்து பால்சா என்ற லேசான மரத்தின் துண்டுகளை எடுத்து, வரைபடத் தாளின்மேல் குண்டூசி குத்தி, ஒவ்வொரு விலாவாய் ஒட்டி, இறக்கையின் கூட்டை அவள் முடித்திருந்தாள். என்ஜின் கிடையாது. நூலில் கட்டிக் காற்றாடிபோல் இழுத்து ஏற்றிவிட்டால் தானாக மிதக்கிற ரகம். நடு விலாவில் நீலப் பேனாவால் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதியிருந்தாள். விமானம் எங்காவது போய் விழுந்தால் எடுத்தவர் கூப்பிட வேண்டுமே, அப்பாவும் மகளும் போகிற மாதிரி விமானக் கிளப்பில் அது விதி. கோடையில் லூபோமிர் அந்தக் கூட்டின்மேல் மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டி வார்னிஷ் பூசினான். தாள் இறுகியதும் அவளுடைய கோணல் எழுத்து உள்ளேயிருந்து தெளிவாகத் தெரிந்தது. விதிப்படி, இனி பறக்கவிடப்போகிற அவன் தன் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

செப்டம்பர் போட்டிக்கு அதை எடுத்துக் கிளம்பியபோது இவானா வாசலை மறித்து நின்றாள்.

"அவ கையால கடைசியா பண்ணது இது ஒண்ணுதான். அலமாரியில இருந்துட்டுப் போகட்டுமே."

"பறக்கத்தானே பண்ணா."

"தொலைச்சிட்டு வந்தேன்னா நான் உன்னை மன்னிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

கோதுமை அறுத்த வயலில் இருபது பேர் இருந்தார்கள். அவனைக் கண்டதும் பேச்சைத் தாழ்த்தினார்கள். ராட்கா என்ற பெயரை எவரும் எடுக்கவில்லை. அவர்களுடைய நல்ல மனசுதான் அது, ஆனால் எட்டு மாதமாய் ஊரே சேர்ந்து அந்தப் பெயரை ஒளித்து வைத்திருந்தது. விமானத்தைப் பிடித்துக்கொள்ளப் பழைய கூட்டாளி ஒட்டாகர் வந்தான். நூலின் மறுமுனையோடு லூபோமிர் ஐம்பது மீட்டர் தள்ளிப் போய், அங்கிருந்து காற்றை எதிர்த்து இழுத்து ஓடினான். விமானம் ஏறியது. நூல் கழன்றது. சூடான காற்று ஒன்று அதை அள்ளிக்கொண்டு வட்டம் வட்டமாய் மேலே போயிற்று.

"அட, என்னமா போகுது," என்றபடி வந்து சேர்ந்தான் ஒட்டாகர். "திரி எத்தனை நிமிஷத்துக்கு வச்ச?"

லூபோமிர் திரும்பிப் பார்த்தான். வால் பக்கம் ஒரு சிறு திரி இருக்கும். அது புகைந்து வந்து ரப்பர் பட்டையை அறுத்ததும் வால் தூக்கிக்கொள்ளும், விமானம் இறங்கிவிடும். திரி எரியாவிட்டால் காற்று இருக்கிறவரை அது இறங்கவே இறங்காது.

"நீதான பத்த வைக்கணும்?"

"நான் எதுக்குடா பத்த வைக்கிறேன்? விமானக்காரன்தான் பத்த வச்சுட்டு நூலுக்குப் போவான். எல்லாரும் அப்படித்தான செய்றோம்."

எல்லோரும் அப்படித்தான். லூபோமிர் வீட்டில் மட்டும் வேறு. பத்து வருஷமாய் அவன் நூலோடு போய்விடுவான், பற்றவைத்துப் பிடித்துக்கொள்வது ராட்கா. திரியை மறந்த பயல்களை முப்பது வருஷமாய் வாய்க்கு வந்தபடி திட்டிய மனுஷன் அவன். இன்றைக்கு யாரும் அவனைத் திட்டவில்லை. வெள்ளைப் புள்ளி குன்றைத் தாண்டி மறைந்தது.

இரண்டு நாள் தேடினான். ஒட்டாகரும் கூடவே சோளக்காட்டில் நுழைந்து முகமெல்லாம் கீறிக்கொண்டான். மூன்றாம் நாள் லூபோமிர் போகவில்லை. இவானா கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் கத்தவில்லை, அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். வலிக்கும் என்று நினைத்தான். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேசை இழுப்பறைக்குள் அந்தக் கைப்பேசி அடித்தது.

எடுத்தான். ஒரு பெண்ணின் குரல், பின்னால் வாத்துகள் கத்தும் சத்தம்.

"ஹலோ, ராட்கா இருக்காங்களா?"

கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

"ஹலோ? இங்க எங்க பிளம் மரத்துல ஒரு விமானம் மாட்டிக்கிட்டு இருந்துச்சு. றெக்கைக்குள்ள ராட்கான்னு எழுதி இந்த நம்பர் போட்டிருக்கு. அவங்க இருக்காங்களா?"

"அவ... வீட்ல இல்லீங்க," என்றான் லூபோமிர். "நான் அவ அப்பா பேசறேன்."

"அப்பாவா, நல்லதாப் போச்சு. பொண்ணு என்ன நேர்த்தியா பண்ணியிருக்குங்க. என் வீட்டுக்காரர் ஏணி போட்டு ஒரு மணி நேரம் பாடுபட்டு எறக்கினார். முனையில தாளு கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, அவ்வளவுதான். தேடித் தேடி அழுதிருக்கும் பாவம். பத்திரமா இருக்கு, கவலைப்படாதம்மான்னு அதுகிட்ட சொல்லிடுங்க, என்ன?"

"சொல்றேன்."

"மறக்காம சொல்லுங்க."

ஊர்ப்பெயரைக் கேட்டுக்கொண்டான், வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். பிறகு கைப்பேசியைப் பிடித்தபடியே சமையலறைக்கு நடந்தான். மூன்று நாளாகப் பேசாத இவானா கரண்டியோடு திரும்பினாள்.

"யாருக்கு ஃபோன்?"

"ராட்காவுக்கு," என்றான். விமானம் கிடைத்துவிட்டது என்று அடுத்துச் சொல்ல நினைத்தான், முடியவில்லை. அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, எட்டு மாதத்து அழுகையை அழுதான். இவானா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.