போயித்து வா

கல்முனைக் கடற்கரை வீதியில் ஜோர்ஜின் வீட்டுக்கு மட்டும், பின்னேரம் அசர் பாங்கு சொல்லும் நேரத்தில், நாள் தவறாமல் கடல் வந்துபோனது. பக்கத்து வளவில் சல்மா உம்மா காயப்போட்ட நெல்லில் ஒரு துளி படாது. ஜோர்ஜின் விறாந்தையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், கதிரைகளுக்கு நடுவே சூடைமீன் ஓடும்.

குற்றம் மனைவி மங்களேஸ்வரியின் வாயில் என்றார் ஜோர்ஜ். கடல் முதன்முதலாக வந்து திரும்பும்போது, வந்தவர்களை வழியனுப்பும் பழக்கத்தில் அவள் அதைப் பார்த்து, "போயித்து வா" என்றுவிட்டாள். இந்தப் பக்கத்தில் யாரை யார் வெறும் 'போ' சொல்லி அனுப்புவார்கள்? "நீ கூப்பிட்டாய், அது வருகுது" என்று வருடக்கணக்காக அவளை அரித்தெடுத்தார். கல் போட்டார், மதில் கட்டினார். கடல் மதிலேறி இறங்கி வந்தது. மெதடிஸ்த கோயிலில் பிரசங்கம் செய்கிற மனுசன் அல்லவா, கடவுள் கடலுக்குக் கதவும் தாழ்ப்பாளும் போட்ட கதையை வேதத்திலிருந்து அதற்கே வாசித்துக் காட்டினார். முழுவதையும் கேட்டுவிட்டு உள்ளே வந்தது. அந்தத் தாழ்ப்பாள் ஜோர்ஜின் கையில் இல்லை என்று அவருக்கு யார்தான் சொல்வது?

அவரும் என்ன செய்வார், பாவம். அந்த வீடு மகள் நிறோசாவின் சீதனம். பார்க்க வந்த சம்பந்தமெல்லாம் சுவரில் உப்பைக் கண்டு நழுவியது. "இதென்ன பலாய் கா, இப்பிடியொரு கேடு! ஒருக்காப் 'போ' எண்டு சொல்லித்தான் பாருங்களன்" என்றார் சல்மா உம்மா.

கடைசியாகத் திருக்கோவில் ஊரிலிருந்து ஜெப்றி வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். காலையில் வரச்சொல்லியும் வந்த வான் வழியில் பழுதாகிப் பின்னேரம்தான் வந்து சேர்ந்தார்கள். நல்ல பொடியன், நிறோசாவுக்கும் பிடித்துப்போனது. ஜெப்றியின் தாய் தேத்தண்ணியை வாயில் வைக்க, பாங்கு கேட்டது. அவருக்குப் பின்னால் கடல் கேற்றைத் தள்ளியது. ஜோர்ஜ் எழுந்தார். ஆயுளில் யாருக்கும் சொல்லாத சொல்லை வீதிக்கே கேட்கக் கத்தினார்.

"போ! இனி இந்த வாசல் மிதியாத, போ!"

வாசலுக்கு முதுகு காட்டி இருந்த தாய்க்கு, ஜோர்ஜ் தன் முகத்துக்கு நேரே கத்தியதுதான் தெரிந்தது. கிளாசை வைத்தார், மகனின் கையைப் பிடித்தார், போய்விட்டார். அந்த ரோசத்தில் சீலை நனைந்ததைக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் பிறகு வரவேயில்லை.

கடல் வழக்கமான இடத்தில் வந்து நின்றது. ஜோர்ஜ் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதார்.

"விடுங்க அப்பா" என்றாள் நிறோசா. "சொன்னாக் கேக்கிறது மனுசர்தானே." கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிதந்த கிளாசுகளைப் பொறுக்கினாள்.

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. ஜோர்ஜ் மூக்கைச் சிந்திவிட்டு, அது கேற்றைத் தாண்டும்வரை பார்த்திருந்தார்.

"சரி" என்றார். "போயித்து வா."