நடுவில் ஒரு ‘ஸ்’

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத்தான் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை என்று ஆரம்பித்து எங்கேயோ கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று பிறகு யாரும் என்னைத் திட்டக் கூடாது. கடிதம் இப்படி இருந்தது:

“கேபிள் நிறுவனத்தாருக்கு, திண்டுக்கல் நாகல்நகரிலிருந்து ஆசிரியை ஐரின் எழுதுவது. இருநூற்று இருபதாக இருந்த மாதக் கட்டணத்தை இருநூற்று அறுபது ஆக்கினீர்கள், பொறுத்துக்கொண்டேன். முந்நூற்றுப் பத்து ஆக்கினீர்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கபடி லீக் அரையிறுதியில், ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது, ‘இந்தச் சேனல் உங்கள் பேக்கில் இல்லை’ என்று திரையில் எழுதிக் காட்டினீர்களே, நீங்களெல்லாம்”

வாக்கியம் அங்கேயே நிற்கிறது. அதற்குமேல் எழுதியது எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்தும் ஒருத்தி எழுதக்கூடியதல்ல. (நிறுவனத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன். வழக்குப் போட்டால் வக்கீலுக்கு ஒரு தனி பேக் கட்ட வேண்டியிருக்கும்.)

போன் செய்தும் பார்த்தேன். “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், லைனில் இருங்கள்” என்று முப்பத்தேழு நிமிடம் புல்லாங்குழல் ஊதினார்கள். பிறகு ஒரு பெண் வந்து, என் பாக்ஸ் எச்டி பாக்ஸ் இல்லை, ஆனால் நான் எச்டி சேனலுக்குப் பணம் கட்டியிருக்கிறேன் என்றாள். அப்படியானால் ஆறு மாதமாக ஏன் பணத்தை வாங்கினீர்கள் என்றேன். மறுபடி புல்லாங்குழல். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. ஆகவே நேற்று, வெள்ளிக்கிழமை, பள்ளியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய ஆபீசுக்கே போய்விட்டேன். சண்டை போடத்தான் போனேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

“வெயில் கொளுத்திய ஒரு மதியத்தில், மஞ்சள் பையுடன் ஒரு பெரியவர்...” அடித்துவிட்டேன். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

“பெருமாள்சாமி அழுதார்.” இதையும் அடித்துவிட்டேன். அவர் அழவே இல்லை.

“என் டோக்கன் நாற்பத்திரண்டு. அவருடையது நாற்பத்தொன்று.” இதில் எந்த அழகும் இல்லை. ஆனால் உண்மை. இருக்கட்டும்.

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெருமாள்சாமிக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். குஜிலியம்பாறையைத் தாண்டி ஒரு கிராமம். மழை பெய்தால் கடலையும் சோளமும் போடுவார். மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் செட்டாப் பாக்ஸ், வயர், அடாப்டர், பாலிதீன் உறை போட்ட ரிமோட், எல்லாம் இருந்தன.

“பாக்ஸைக் கொண்டுவரச் சொன்னாங்களா ஐயா?”

“போன்ல ஒரு பொம்பளப்புள்ள பேசுச்சும்மா. ‘உங்க பாக்ஸ்ல பிரச்சினை இருக்கு’ன்னுச்சு. பிரச்சினை உள்ளதை வீட்ல வச்சுட்டு நான் மட்டும் வந்து என்ன செய்ய? அதான் கழட்டிக் கொண்டாந்துட்டேன்.”

இதைவிட நியாயமான பதிலை அந்த ஆபீசில் அன்று யாரும் சொல்லவில்லை. எந்தச் சேனல் வரவில்லை என்று கேட்டேன். கபடி வரும் சேனல் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“நீங்களும் கபடி பாப்பீங்களா?”

“அதுல எவன் எவனைப் பிடிக்கிறான்னே எனக்கு வெளங்காது. எம் பையன் வாரான் டிவியில. பழனிக்குமாருன்னு பேரு.”

“ஆட்டக்காரரா?”

“ஆட்டக்காரன்னா சோறு போடுமா? லைன்மேன்.”

“கரண்ட் லைன்மேனா ஐயா?”

“பெறகு? புனேயில அம்புட்டுப் பெரிய ஆட்டம். அம்புட்டு லைட்டு. நடுவுல கரண்டு போயிருச்சுன்னா? அதுக்குத்தான் லைன்மேனை ஆட்டத்துக்கு ஓரத்துலயே நிக்க வச்சிருக்காக. மஞ்சச் சட்டை, விசில் எல்லாம் குடுத்திருக்காகளாம்.”

“விசில் எதுக்கு?”

“கரண்டு போனா இருட்டுல ஊதணும்ல?”

* கபடி தெரியாதவர்களுக்கு: ஆடுகளத்தின் ஓரக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்பார். ஆட்டக்காரரின் கால் கோட்டைத் தாண்டினால் கையைத் தூக்கிக் காட்டுவார். அவர் பெயர் லைன்ஸ்மேன். போட்டி நடக்கும் நாட்களுக்கு மட்டும் சம்பளம். அது அரசாங்க வேலை இல்லை. மின்சாரத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

3

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒரு கட்டுரை எழுதலாமா என்று பார்த்தேன். தலைப்பு: லைன்.

நான் குடியிருப்பது லைன் வீடு. ஆறு வீடு ஒரே வரிசை, ஒரே குழாய். என் வீட்டுக்கு வருவது கேபிள் லைன். அதற்கு மேலே போவது கரண்ட் லைன். போனில் என்னை இருக்கச் சொன்னதும் லைனில்தான். என் வகுப்புப் பையன் எவனாவது ஒருத்தி பின்னாலேயே சுற்றினால் அதற்கும் லைன் போடுகிறான் என்றுதான் பெயர். இத்தனை லைனுக்கு நடுவில் ஒரு தகப்பன் தன் மகனை எந்த லைனில் தேடுவார்? லைன்ஸ்மேனுக்கும் லைன்மேனுக்கும் நடுவில் இருப்பது ஒரு ‘ஸ்’. எங்கள் பக்கத்தில் வார்த்தைக்கு நடுவில் ‘ஸ்’ வந்தால் அது தொண்டைக்குள்ளேயே போய்விடும். போனில் கேட்டால் சுத்தம்.

கட்டுரை அவ்வளவுதான். அவரிடம் நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். (தப்பைத் திருத்தத்தானே உனக்குச் சம்பளம்?) சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் பக்கம் சாய்ந்து, ரகசியம் போலச் சொன்னார்:

“ஞாயித்துக்கிழமை நத்தத்துலருந்து பொண்ணு வீட்டுக்காரக வாராக. மாங்கா ஏவாரம், நல்ல குடும்பம். பிள்ளை பேரு சுகன்யா, காலேஜு படிச்சிருக்கு. கெவர்மெண்டு லைன்மேன்னதும் ஒத்துக்கிட்டாக. இவனுக்கு லீவு இல்ல. அதனால என்ன, டிவியிலேயே மாப்பிள்ளையப் பாத்துக்கங்கன்னுட்டேன். அதுக்குத்தாம்மா இந்தச் சேனலு.”

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

4

பழனிக்குமாரை என்னால் நம்ப முடியவில்லை. மனிதனாக மட்டுமல்ல, கதாபாத்திரமாகவும். இந்தக் காலத்தில் ஒரு பொய் இத்தனை நாள் நிற்குமா? ஒரு போட்டோ போதாதா? (பெரியவரிடம் இருப்பது பட்டன் போன்.) ஊரில் வேறு யாரும் கபடி பார்க்க மாட்டார்களா?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. விலை ஏறியதும் அவர்கள் ஊர் ஆப்பரேட்டர் அந்தச் சேனலைப் பேக்கிலிருந்து எடுத்துவிட்டாராம். வேண்டுமானால் செல்போனில் ஆப்பில் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். இந்த ஒரு ஆட்டத்துக்காக யார் ஆப்புக்கு வருடச் சந்தா கட்டுவார்கள்? ஆக, நான் யாரைத் திட்டிக் கடிதம் எழுதினேனோ, அவர்கள் சேனலைப் பிடுங்கியதால்தான் அந்த வீட்டின் மானம் இதுவரை பிழைத்திருக்கிறது. நான் இப்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

முதல் பிரதியில் “பழனிக்குமார் ஒரு அயோக்கியன்” என்று எழுதியிருந்தேன். ஆனால் நேற்று அந்தப் பெஞ்சில் காத்திருந்தபோதே பெரியவர் மகனுக்குப் போன் போட்டு, “இங்க ஒரு டீச்சரம்மா இருக்காக, சேனல் பேரை அவுககிட்டச் சொல்லு” என்று போனை என் கையில் கொடுத்துவிட்டார். நான் எழுந்து தண்ணீர் கேன் பக்கம் போனேன்.

“தம்பி, உங்க அப்பா உங்களை ஈபி லைன்மேன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்.”

“தெரியும் டீச்சர்” என்றான். “மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் ‘ஆமாப்பா, அதேதான்’னார். நாலாவது தடவை போன் போட்டப்ப, ஊருக்கே மிட்டாய் வாங்கிக் குடுத்துட்டேன்னு சிரிக்கிறார். அதுக்கு மேல எனக்கு வாய் வரலை.”

“பொண்ணு வீடு?”

“அது போன வாரந்தான் தெரியும். அந்தப் பிள்ளைகிட்ட நானே சொல்லிருவேன் டீச்சர். சத்தியமா சொல்லிருவேன். ஞாயித்துக்கிழமை மட்டும் சேனல் வராமப் பாத்துக்கங்க. அத்தனை பேரு முன்னாடி எங்கப்பா தலை குனிஞ்சு நிக்கக் கூடாது.”

“எப்பச் சொல்வீங்க?”

“லைன் சரியா கேக்கலை டீச்சர்” என்றான். போன் கட்டாகிவிட்டது. உண்மையிலேயே கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருந்தானா, எனக்குத் தெரியவில்லை. அயோக்கியன் என்பதை அடித்தேன். நல்லவன் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

5

முடிவுகள். கையில் மூன்று இருக்கின்றன.

அ. சேனல் வருகிறது. மஞ்சள் சட்டைப் பையன் ஓரத்தில் நின்று கையைத் தூக்குகிறான். பெண்ணின் அப்பாவுக்குக் கபடி தெரியும். “இவன் கோட்டுக்குக் காவல் நிக்கிறவன்ல?” என்று காப்பி டம்ளரைக் கீழே வைக்கிறார். எல்லோரும் எழுந்து போகிறார்கள். பெருமாள்சாமி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, பெருமாள்சாமி டிவியைப் பார்த்து, பெருமாள்சாமி

(இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.)

ஆ. சேனல் வருகிறது. சுகன்யா பார்க்கிறாள். “கம்பத்துல ஏறி ஷாக் அடிக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை” என்று சிரிக்கிறாள். கல்யாணம் நிச்சயமாகிறது. இதை என் கணவர் ஆண்டனிராஜிடம் வாசித்துக் காட்டினேன். “இது சீரியல். இதுக்குத் தனி பேக் வேணாம். எல்லாச் சேனல்லயும் ஓடுது” என்றார்.

இ. சேனல் வரவில்லை. பெரியவர் கேபிள்காரனை நாலு திட்டுத் திட்டுகிறார், வந்தவர்களும் சேர்ந்து திட்டுகிறார்கள். உலகத்திலேயே அதிகமாக ஒற்றுமையை வளர்ப்பது கேபிள்காரனைத் திட்டுவதுதான். தட்டு மாற்றிக்கொள்கிறார்கள். அவன் சொல்வானா, மாட்டானா? சொல்லவில்லையென்றால், கல்யாணமான பிறகு ஒரு நாள் சுகன்யாவுக்குத் தெரியவரும். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. ஒரு பெரியவரின் மானத்தைக் காப்பாற்ற அவள் தலையில் நான் கை வைத்தவள் ஆவேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. எது நடக்கும் என்று கற்பனை செய்வதுதான் என் வேலை என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் எது நடக்க வேண்டும் என்பதும் நேற்று என் வாயில்தான் இருந்தது. அதைத்தான் இதுவரை சொல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

6

நாற்பத்தொன்றைக் கூப்பிட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கண்ணன் என்ற இளைஞன். பேட்ஜில் பெயர் இருந்தது. பெரியவருக்குத் துணையாக நானும் போய் நின்றேன்.

“அந்தச் சேனலைத் தனியாத்தான் போடணும் ஐயா. பத்தொம்பது ரூபா, வரி தனி. பாக்ஸுக்கு அடியில பன்னெண்டு நம்பர் இருக்கும், வாசிங்க.”

பெருமாள்சாமி பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். “பொடி எழுத்தா இருக்கு. கண்ணாடி கொண்டாரல. நீங்க வாசிங்க டீச்சரம்மா” என்று என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“உங்க ஊர் பாக்ஸ் எல்லாம் ஆப்பரேட்டர் பேர்லதான் இருக்கு. பேரை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது” என்றான் கண்ணன். “ஒரு நம்பர் தப்பானாலும் வேற யார் வீட்லயாச்சும் போய் ஓடும். சனி, ஞாயிறு ஆபீஸ் லீவு. மாத்தவும் முடியாது. பாத்து வாசிங்க டீச்சர்.”

வாசித்தேன். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. கண்ணன் ஒவ்வொன்றாகத் தட்டினான். பதினொன்று முடிந்தது.

பன்னிரண்டாவது மூன்று. ஒட்டியிருந்த சீட்டின் ஓரம் தேய்ந்திருந்தது. எட்டு என்று வாசித்தாலும் யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நான் கண்ணாடி போட்டிருந்தேன். அது மூன்றுதான்.

நான் நிறுத்தியதைப் பார்த்துவிட்டு, எழுத்து தெரியவில்லை போலிருக்கிறது என்று பெரியவர் நினைத்துக்கொண்டார். பெட்டியை வெளிச்சத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்துக் காட்டினார்.

“நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. பொண்ணு வீட்டுக்காரக பாக்குறது கெடக்கட்டும். நான் அவனைப் பாத்து ஒண்ணரை வருசம் ஆச்சு. ஓரத்துல நின்னாலும் மூஞ்சி தெரியும்ல?”

“தெரியும் ஐயா” என்றேன்.

“கடைசி நம்பர் டீச்சர்?” என்றான் கண்ணன்.

நான் ஒரு எண்ணைச் சொன்னேன். கண்ணன் தட்டினான். “ஆச்சு, நாளைக்குள்ள வந்துரும்” என்றான். பெரியவர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அடுத்து நாற்பத்திரண்டைக் கூப்பிட்டார்கள். என்ன புகார் என்று கேட்டபோது எனக்கு மறந்துபோயிருந்தது.

இன்று சனிக்கிழமை மதியம். ஆட்டம் நாளைக்கு. நான் சொன்ன எண் எது என்று ஆண்டனிராஜிடம்கூடச் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் என்னைத் திட்டிவிட்டோ பாராட்டிவிட்டோ நிம்மதியாகப் போய்விடுவீர்கள். எனக்கு அந்த நிம்மதி இல்லை, உங்களுக்கு மட்டும் எதற்கு? பெரியவர் பெட்டியை உங்கள் பக்கம் திருப்பியிருக்கிறார். பதினொன்றை நான் வாசித்துவிட்டேன். அவர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வாசியுங்கள்.