நல்ல முகம் வெளியே

என் மனைவி போய்ச் சேர்ந்த வருஷமே புதுச் சாலையும் ஊருக்கு அந்தப்புறமாகப் போய்விட்டது. அதன்பிறகு என் வீட்டுப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. அதனால், பழைய சுண்ணாம்புச் சூளை, கிணறு, என் வீடு, மேடு என்று சுற்றிப் பார்க்க ஒரு நடைபாதை வருகிறது என்று கேட்டதும் மனசு கொஞ்சம் தெளிந்தது. வாசலில் நாலு பேர் நடந்தால் போதும்.

பாதைக்குப் பொறுப்பான அம்மா கல்லைப் பற்றிப் படித்தவர். எங்கள் மேடு ஒரு காலத்தில் கடலுக்கடியில் பவளப்பாறையாக இருந்ததாம். கல்லில் பூப்பூவாகத் தெரிவதெல்லாம் அந்தக் காலத்து உயிர்களாம். என் வீட்டருகே சரிந்து கிடந்த சுவரை அந்தக் கல்லாலேயே கட்டச் சொன்னார். "இந்தப் பக்கம் வர்றவங்க பாக்கப்போறது இதைத்தாண்ணே. பாத்துக் கட்டுங்க."

பார்த்துத்தான் கட்டினேன். முப்பது வருஷம் பழகிய கை. நல்ல முகம் வெளியே, கெட்ட முகம் கலவைக்குள்ளே. அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகுழியாக இருப்பதை எந்தக் கொத்தனாவது வெளியே வைப்பானா?

அம்மா வந்து சுவரை இரண்டு தடவை சுற்றினார்.

"பூவெல்லாம் எங்கண்ணே?"

"உள்ளேதாம்மா. பத்திரமா இருக்கு."

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"பத்து நாள் குடுங்கம்மா, பிரிச்சுத் திருப்பி வச்சிடறேன்."

"வழிப்படம் நாளைக்கு அச்சுக்குப் போகுதுண்ணே. பாதையைக் கிணத்துலேர்ந்து நேரா மேட்டுக்கு விட்டுடறேன். உங்க கூலிக்கு ஒண்ணும் குறை வராது."

"கூலியை யாரு கேட்டா" என்றேன். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

மறுநாளே பிரிக்க ஆரம்பித்தேன். குழிகளில் ஏறியிருந்த கலவையை ஆணியால் நோண்டி, கழுவி, ஒவ்வொரு கல்லாகத் திருப்பி வைக்கப் பதினாறு நாள் ஆனது. ஒரு கல்லில் சக்கரம் சக்கரமாக, அத்தனை நெருக்கமாக இருந்தது. "இங்க பாரேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை.

இப்போது விடுமுறை நாட்களில் கிணற்றடியில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. படத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள், மேட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். கூப்பிட எனக்கு வாய் வருவதில்லை.

போன வாரம் ஒருவர் மட்டும் வழி தவறி வந்தார். சுவர் இருக்கும் திருப்பத்துக்கு இன்னும் இருபதடிதான்.

"இது எங்கங்க போகுது?"

"என் வீட்டுக்கு" என்றேன்.

"தெரியாம வந்துட்டேங்க" என்று திரும்பிப் போய்விட்டார்.