பதினேழாம் கேள்வி

1

இன்று காலை சாப்பாட்டு மேசையருகே இருந்தவர்கள்: பெரியவர், அவர் மனைவி, விமானியாக இருக்கும் அவர்கள் மகள், இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் இறந்துபோன தம்பியின் மனைவி. சுவரோரமாக எடை பார்க்கும் இயந்திரம். அதையும் ஓர் ஆளாகவே சேர்க்கிறேன். மூன்று மாதமாக இந்த வீட்டை அதட்டிக்கொண்டிருப்பது அதுதான்.

இந்தக் கதை பிறந்தது அங்கேதான். பெரியவர் நான்தான். ‘நான்’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே நியாயம் பேசத் தொடங்கிவிட்டேன். ஆகவே ‘பெரியவர்’ என்றே இருக்கட்டும். அவர்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

2

தொடக்கம் ஒன்று: ‘எங்கள் வம்சத்தில் நோயென்று படுத்தவர் எவருமில்லை. நெஞ்சை நிமிர்த்தி நடந்த குடும்பம்…’

[அடித்துவிட்டேன். நாற்பது வருடமாகக் கல்யாண வீடுகளில் நான் சொல்லிவரும் வாக்கியம் இது. கோளாறு இதில்தான் இருக்கிறது.]

தொடக்கம் இரண்டு: மகள் இயந்திரத்தின்மேல் ஏறி நின்றாள்.

“எவ்வளவு காட்டுது?” என்று அம்மா கேட்டாள்.

“அறுபத்தி நாலு. போன வருஷம் டாக்டர் முள்ளப் பாத்துட்டு என்னைப் பாத்தார். என்னைப் பாத்துட்டு மறுபடியும் முள்ளப் பாத்தார். நாளைக்கு அந்த வேலை அவருக்கு இல்லை.”

“எடை குறைஞ்சது சரி. செவ்வாக்கிழமை மயங்கி விழுந்தியே, அது எந்தக் கணக்குல?” என்றாள் தம்பி மனைவி.

“பட்டினி கிடந்தா யாரும் விழுவாங்க, சித்தி. உட்காருங்க, டாக்டருக்குக் கொடுக்கற படிவத்த முடிச்சிடறேன்.”

(வாசகருக்கு: விமானிக்கு ஆண்டுதோறும் உடம்பே பரீட்சை எழுத வேண்டும். கண், காது, ரத்தம், எடை, இதயத் துடிப்பு. மருத்துவர் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போடாவிட்டால் விமானி அறைக்குள் அவள் உட்கார முடியாது. சிறு வயதிலிருந்து அவள் ஆசைப்பட்டது அந்த ஓர் இருக்கைக்கு மட்டும்தான்.)

3

அவள் கேள்விகளை உரக்கப் படித்துக்கொண்டே போனாள். காது கேட்கிறதா என்ற கேள்வி வந்ததும், “அம்மா கூப்பிட்டா மட்டும் கேக்காதுன்னு எழுதவா?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

“பதினேழு. குடும்பத்துல ஐம்பது வயசுக்குள்ள திடீர்னு இறந்தவங்க, இதய நோய் உள்ளவங்க உண்டா?” பேனா நின்றது. “சித்தப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தது இதுல வராதுல்ல, அப்பா?”

பெரியவர் டம்ளரைப் பார்த்தார்.

தம்பி மனைவிதான் பதில் சொன்னாள். “அது என் கைத் தப்பும்மா. துணி துவைச்சிட்டு சோப்புத் தண்ணிய அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். அவருக்கு நோய் நொடி எதுவும் கிடையாது. தேக்குக் கட்டை மாதிரி இருந்தார். நீ இல்லைன்னு போடு.”

மகள் ‘இல்லை’ கட்டத்தில் குறியிட்டாள்.

(அடிக்குறிப்பு: இந்த வீட்டில் யார் குளித்து வந்தாலும், அடுத்தவர் போவதற்குள் தம்பி மனைவி பழைய துண்டோடு மண்டியிட்டுத் தரையை ஒற்றி எடுத்துவிடுவாள். “சித்தி துடைச்ச தரையில எறும்புக்குக்கூட தாகம் எடுக்கும்” என்று மகள் கேலி செய்வாள். பெரியவரும் அதற்குச் சிரித்திருக்கிறார்.)

4

இந்த இடத்தில் பெரியவர் பேசியாக வேண்டும்.

‘பெரியவர் எழுந்து நின்றார். “நிறுத்தும்மா!” அவர் குரல் கணீரென்று…’

[பொய். அவர் எழுந்திருக்கவே இல்லை.]

‘அவர் கண்களில் நீர்…’

[இவர் அழுகிற ஆளில்லை. அதில் ஒரு திமிர் வேறு.]

நடந்தது இதுதான். “டீ ஆறிப்போச்சு” என்றார். மனைவி சுடவைக்க எடுத்துப்போனாள்.

5

அவர் சொல்லாமல் விட்டது: தம்பி இறந்த அன்று மருத்துவர் அவரைத் தனியே அழைத்தார். “இதயம் துடிப்பு தவறி நின்னுருக்கு. இது ரத்தத்துல தொடர்ந்து வரலாம். வீட்டுல எல்லாரையும் சோதிச்சுடுங்க” என்று சொல்லி எழுதியும் கொடுத்தார். வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் இருந்தார்கள். மருத்துவர் எழுதி முடிப்பதற்குள் பெரியவர் முடிவெடுத்துவிட்டார். வாசலில் கூடியவர்களிடம், “வழுக்கி விழுந்துட்டான்” என்றார்.

யார்மேலும் அவர் பழி சொல்லவில்லை. “பாத்ரூம்ல கடைசியா தண்ணி புழங்கினது யாரு?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பெரியவர் வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான் செய்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

தங்கைகள் நல்ல இடங்களில் வாழ்க்கைப்பட்டார்கள். குடும்பத்தின் பெயர் நின்றது. அந்தத் தாள் மேசை இழுப்பறையில், என் பாராட்டுப் பத்திரங்களுக்கு அடியில் கிடக்கிறது. [‘அவருடைய’ என்று எழுதியிருக்க வேண்டும். கிடக்கட்டும்.]

6

முடிவுகள். ஒன்று: எல்லாச் சோதனையும் செய்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அவளைப் பறக்க விடுகிறார்கள், பெரியவர் வீணாக வீட்டு மானத்தை அவிழ்த்துப் போட்டவர் ஆகிறார். இந்த முடிவுக்கு நான் இரு கையாலும் கும்பிடுவேன். இரண்டு: செவ்வாய்க்கிழமை மயக்கத்தையும் சித்தப்பாவின் சாவையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர் பேனாவை மூடிவிடுகிறார்; அவள் இனிப் பறப்பதில்லை, ஆனால் இருக்கிறாள். மூன்று: படிவம் இப்படியே போகிறது. ஒரு நாள், முப்பதாயிரம் அடி உயரத்தில், அவள் கை

[இதை எழுத மாட்டேன்.]

முடிவைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் இதை வாசிப்பவர். நாளைக் காலை பத்து மணிக்கு அவள் மருத்துவர் முன் உட்கார வேண்டும். அதற்கு முன், அவளுடைய நீலக் கோப்பில் இருக்கும் படிவத்தின்மேல் இந்தப் பக்கங்களையும் அந்தப் பழைய தாளையும் வைத்துவிடுவேன்.

ஆனால் இதை முதலில் வாசிக்க வேண்டியவள் அவளல்ல. நான் குளித்துவிட்டு வந்த குளியலறையில் இப்போது துண்டு தேய்க்கும் சத்தம் கேட்கிறது. எழுதி முடித்ததும் அங்கேதான் போகிறேன்.

கதையை முடித்துத்தர என்னால் ஆகாது. ஒரு வதந்தியை மட்டும் திருத்துகிறேன். என் தம்பி மனைவி தரையை ஈரமாக விட்டதால் என் தம்பி இறந்தான் என்பது உண்மையல்ல. அன்று அந்தக் கதவைத் திறந்து உள்ளே முதலில் போனவன் நான்.

தரை காய்ந்திருந்தது.