கூட்டாத வீடு

முதல் வெள்ளம் வடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில். அதுதான் வினையாகிவிட்டது. வெள்ளியும் அதுவுமாக வீடு சேறாகக் கிடக்கலாமா? ஹெப்பாள் பக்கத்தில் பள்ளமாக இருந்த அந்தத் தெருவின் பதினாறு வீட்டுப் பெண்களும் சேற்றை வழித்துக் கொட்டி, தரையைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாசலில் கோலமும் போட்டுவிட்டார்கள். கௌதள்ளி கிராமத்திலிருந்து வந்து ஃபேக்டரியில் பேக்கிங் வேலை பார்க்கும் சொர்ணலதாதான் எல்லாருக்கும் முன்னால் நின்றாள்.

பதினோரு மணிக்கு வார்டு ஆபீஸ் இன்ஜினியர் உதயகுமார் வந்தார். கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி நின்று எட்டிப் பார்த்தார். 'பாதிப்பு இல்லை' என்று கன்னடத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இவர்களோ முகம் கழுவிப் பொட்டும் வைத்துக்கொண்டல்லவா அழப் போனார்கள்!

பாதிப்பு இல்லையென்றால் மதிலும் இடிபடாது. தெருக்கோடியில் புதிதாக மனை போட்டவர்கள் மழைநீர்க் கால்வாய்க்குக் குறுக்கே மதில் எழுப்பியிருந்தார்கள். அது நிற்கும்வரை ஒவ்வொரு மழையும் இவர்கள் அடுப்பில்தான் வந்து நிற்கும். மனு கொடுக்கப் போனபோதெல்லாம் ஆபீஸில் அந்த இரண்டு வார்த்தையைத்தான் காட்டினார்கள். சொர்ணலதாவுக்கு இன்ஜினியர்மேல் பாதி ஆத்திரம், தன் கைச் சுத்தத்தின்மேல் பாதி.

அந்த மாதமே இரண்டாவது வெள்ளம் முழங்கால் அளவு வந்து, ஒரு வியாழக்கிழமை வடிந்தது. பக்கத்து வீட்டு மல்லம்மா பழக்கதோஷத்தில் துடைப்பத்தைத் தூக்கினாள். சொர்ணலதா ஓடிவந்து தடுத்தாள்.

"அக்கா, கீழ வைங்க. ஒரு வூடும் கூட்டக் கூடாதுங்க."

"நாளைக்கு வெள்ளிக்கெழம புள்ள. இந்தச் சேத்துல லட்சுமி வருவாளா?"

"லட்சுமி அப்பறமா வரட்டும். மொதல்ல இன்ஜினியர் வரோணும்."

ஐந்து நாள் சேறு நாறியது. தெருவில் கல் கூட்டிச் சமைத்தார்கள். "ஊரே மூக்கப் பொத்தறாங்க" என்று புருஷன் வேலாயுதம் முணுமுணுத்தான். சொர்ணலதாவுக்கே உடம்பெல்லாம் கூசியது. ஒரு தடவை அழுதும்விட்டாள். ஆனாலும் ஆபீஸ் திறந்த நாளெல்லாம், வேலைக்குப் போகும் வழியில் படியேறி, "சார், இன்னும் கூட்டல, வந்து பாருங்க" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கன்னடத்தில் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை உதயகுமார் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"இங்கிருந்தே தெரியுதும்மா" என்றார் கன்னடத்தில்.

அவளும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். "போன தடவையும் அங்கிருந்துதான் பாத்தீங்க. உள்ள வாங்க."

பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். கணுக்கால் புதைந்தது. அவசரமாக எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். கன்னடப் பள்ளியில் படித்தவள் அவள், வரிவரியாகப் பார்த்தாள்.

"சேறு இருக்கு. மதிலக் காணோமே?"

"அது பெரிய ஆளுங்க மதில்மா."

"எங்க வீட்டுக்குள்ள வந்ததும் அவங்க தண்ணிதான். மதிலயும் எழுதுங்க. எழுதாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு தெருப் பெண்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். ஒருத்தியும் நகரவில்லை. சேற்றில் நின்றபடியே மதிலையும் எழுதினார். அதையும் படித்துவிட்டுத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

"சரி, இனிமேலாவது வீட்டக் கூட்டுங்கம்மா. நாத்தம் தாங்கல."

"ஜேசிபி வந்து மதில்ல மொத இடி இடிக்கட்டும் சார். அதுவரைக்கும் நீங்களும் தாங்குங்க."