முதல் வாளி சிட்டுக்கு

சிட்டு செல்வப்பிரியாவின் தோளைக் கடித்தது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமையே அந்தக் குதிரையை விற்க அவள் மூணாறுக்குப் போன் போட்டுவிட்டாள். அங்கே சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக்காட்டும் பெரியமுத்து, அடுத்த மாதம் வந்து பார்ப்பதாகச் சொன்னான்.

அவள் கணவன் பூபதிராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. தத்தமங்கலத்துக் குதிரையோட்டத்தில் விட வேண்டுமென்று ஆசையாய் வாங்கிவந்த பெண்குதிரை அது. எலப்புள்ளியில் அவர்கள் வீட்டில் அதுவரை மாடுகள்தான். அதனால் மாட்டுக் கொட்டகையின் கடைசியில் தடுப்புக் கட்டை போட்டுச் சிட்டையும் நிறுத்தியிருந்தான்.

"கடிக்கும்னு சொல்லித்தான விக்கோணும்? சொன்னா வாங்குவானா?" என்றான், கொஞ்சம் நம்பிக்கையோடு.

"வாங்க மாட்டான். கடிக்காமப் பண்ணிட்டு விக்கறேன்."

"சாட்டையத் தொட்டீன்னா சும்மா இருக்கமாட்டேன் புள்ள."

"சாட்டை எதுக்குங்க? எதுக்குக் கடிக்குதுன்னு பாக்கறேன்."

மறுநாள் விடிகாலை காப்பித் தம்ளரோடு கொட்டகைக்கு எதிரே உட்கார்ந்தாள். சொசைட்டிக்குப் பால் போக வேண்டும்; ஆகவே தீவனம் முதலில் கறவைகளுக்கு. வாளிச் சத்தம் கேட்டதும் சிட்டு காதைத் தூக்கியது. ஒவ்வொரு தொட்டியாக நிறைய நிறைய, தரையைக் குளம்பால் கிளறியது. கட்டையை உதைத்தது. காதைப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டது. கடைசியில் பூபதிராஜா கொள்ளு வாளியோடு வந்தபோது பல் வெளியே இருந்தது. அவன் வாளியைப் போட்டுவிட்டு ஓடினான். சிட்டு நிதானமாகத் தலையை வாளிக்குள் விட்டது.

செல்வப்பிரியா சிரித்த சிரிப்பில் கறவை ஒன்று காலைத் தூக்கியது.

"ஏனுங்க, அது உங்களயல்லோ பழக்கி வெச்சிருக்குது. பல்லக் காட்டுனா வாளி வருது. அப்புறம் காட்டாம என்ன பண்ணும்?"

"மனுசனாட்ட யோசிக்குமா அது?"

"எந்தம்பி கல்யாணத்துல உங்கள ரெண்டாம் பந்திக்கு நிறுத்துனப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?"

பூபதிராஜா பால் கேனைக் கழுவப் போனான்.

அன்றிலிருந்து சிட்டின் முன்னால் எந்நேரமும் வைக்கோலும் புல்லும் கிடந்தன. முதல் வாளி சிட்டுக்கு. காது பின்னால் போனால் செல்வப்பிரியா எட்டாத தூரத்தில் நிற்பாள். அடிப்பதில்லை, அதட்டுவதில்லை. தென்னை மரத்தில் காய் பார்ப்பதுபோல் நிற்பாள். காது முன்னால் வந்ததும் வாளி போகும். முதல் நாள் சொசைட்டி வண்டி ஹாரன் அடித்து ஓய்ந்தது, இவள் அசையவில்லை. பூபதிராஜாவும் ஓடாமல் நிற்கப் பழகினான். அதற்குத்தான் நாளாயிற்று.

காது முன்னால் வரவர, மூணாறும் கிட்டே வந்தது அவனுக்கு.

பெரியமுத்து ஜீப்பில் வந்து இறங்கியது சாயங்காலம், தீவன நேரம். பூபதிராஜா யாரையும் பார்க்காமல் முதல் வாளியை நேரே கறவைகளிடம் கொண்டுபோனான். எல்லாத் தொட்டியிலும் நிதானமாகக் கொட்டினான். சிட்டு வைக்கோலை மென்றுகொண்டே பார்த்தது. காது முன்னால்தான் இருந்தது.

"தங்கமான குதிரைண்ணே," என்றான் பெரியமுத்து. "நாளைக்கே வண்டி கொண்டாரேன்."

பூபதிராஜா வாளிக்குள் பார்த்தபடி நின்றான்.

"கொண்டு வாங்க," என்றாள் செல்வப்பிரியா. "ஆனா காலைல எல்லாத்துக்கும் மொதல்ல இதுக்குத்தா வெக்கோணும். புல்லு தீரப்படாது. கையோங்கப்படாது. மூஞ்சி சுளிச்சா, சரியாகற வரைக்கும் நிக்கோணும்."

"நிக்கவா? சீசன்ல வரிசை கட்டி நிப்பாங்கக்கா. குதிரை மனசு ஆறட்டும்னு நான் அவுங்கட்டச் சொல்ல முடியுமா?"

"சொல்லோணும்."

"ஏக்கா, குதிரைய விக்கிறீங்களா, பொண்ணு குடுக்கிறீங்களா?"

"பொண்ணுக்கு இத்தன கேக்கமாட்டோமுங்க."

பெரியமுத்து சிரித்தான். டீ குடித்தான். வேறு குதிரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினான்.

ஜீப் தெருமுனை திரும்பி மறையும்வரை பூபதிராஜா வாளியைக் கீழே வைக்கவில்லை. "வித்திருக்கலாமே," என்றான் பிறகு.

"எதுக்குங்க மாட்டுக்கு மொதல்ல கொண்டு போனீங்க?"

அவள் கொள்ளு வாளியை எடுத்துப்போய்ச் சிட்டுக்கு வைத்தாள். கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள். அவன் பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

அடுப்படியில் தோசை வாசம் எழுந்தது. முதல் தோசையைப் பிய்த்து அவளே தின்றாள்.

"எனக்கு?" என்றான் வாசற்படியில் நின்று.

"மொதல்ல மூஞ்சி சரியாகட்டும்," என்றாள்.